கணக்குப் பார்க்காமல் மன்னிப்பா? எங்கள் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

சேகரத் தலைவரான எங்கள் குருவானவர் ஐயரவர்களுக்கும், சபையை நடத்துகிற கமிட்டி அங்கத்தினர் அனைவருக்கும்,

போன மாதம் இரண்டாம் ஞாயிறு ஆராதனையில், இரண்டு கல்யாண ஓலை அறிவிப்புக்கும் அசன விருந்துக் காணிக்கை அறிவிப்புக்கும் நடுவில் ஒரு தீர்மானத்தை வாசித்தீர்கள். சபையாருக்குள் ஏற்பட்ட சீட்டுப் பணப் பிரச்சினையைக் கிறிஸ்தவ அன்பின்படி மன்னித்து முடித்துக்கொள்ள வேண்டும். காவல் நிலையத்தில் மனு கொடுத்த பெண்கள் அதைத் திரும்பப் பெற வேண்டும். பெறும்வரை அவர்கள் திருவிருந்தில், அதாவது அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற பந்தியில், பங்கெடுக்கக் கூடாது, பெண்கள் ஐக்கிய சங்கப் பொறுப்புகளிலும் இருக்கக் கூடாது.

அந்தப் பத்துப் பெண்களில் நானும் ஒருத்தி. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு தங்கச்சி. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், நம்மளத்தான் சொல்லுதாங்களா?" என்று கேட்டாள். ஆமா என்றேன். அடுத்து காணிக்கைப் பாட்டு தொடங்கியது. காணிக்கைப் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தவர், எங்கள் பணத்தை வாங்கித் திருப்பித் தராத அதே அண்ணாச்சி. அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பத்து ரூபாயை அவிழ்த்து அந்தப் பையில் போட்டாள். அரைமணி நேரம் கழித்து சபையே எழுந்து திருவிருந்துக்குப் போனது. நாங்கள் பத்துப் பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சி போய் முழங்காலிட்டார்.

அதைப் பார்த்துவிட்டு வீட்டில் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தீர்மானத்தில் கணக்கு என்ற பேச்சே இல்லை. 24 பேர் சேர்ந்த குலுக்கல் சீட்டு. மாதம் 5,000 ரூபாய், 24 மாதம். மாதாமாதம் குலுக்கி, பேர் விழுந்தவருக்கு 1,20,000 ரூபாய். ஏலம், கழிவு எதுவும் கிடையாது. நடத்துகிறவர் கமிட்டியில் இருக்கிறவர், கோவில் சாவி அவர் கையில் இருக்கிறது என்பதால்தான் பீடிக் காசையும் சத்துணவுச் சம்பளத்தையும் நம்பிக் கொடுத்தோம். 14 மாதம் ஒழுங்காக நடந்தது. 15-ஆம் மாதம் பணத்தை வாங்கினார், குலுக்கவில்லை. 16, 17-ஆம் மாதங்களிலும் அப்படியே. பிறகு சீட்டே நின்றுபோனது. அந்த மூன்று மாதப் பணம் 3,60,000 ரூபாய் அவரிடம் இருக்கிறது.

ஆனால் சீட்டு எடுக்காத நாங்கள் பத்துப் பேரும் ஆளுக்கு 85,000 கட்டியிருக்கிறோம். மொத்தம் 8,50,000. மீதி 4,90,000 எங்கே என்று யாராவது கேட்டீர்களா? அது ஏற்கெனவே சீட்டு எடுத்த 14 வீடுகளில் இருக்கிறது. ஆளுக்கு இன்னும் 7 தவணை, 35,000 ரூபாய் கட்ட வேண்டியவர்கள் அவர்கள். "நடத்துறவரே நிறுத்திட்டாரு, நாங்க யாருகிட்ட கட்ட?" என்று அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். அந்த 14 வீடுகளில் நான்கு வீடு, தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட கமிட்டி அங்கத்தினர்களுடையது. எங்களை மன்னிக்கச் சொல்கிறவர்களில் நான்கு பேருக்கு எங்கள் மன்னிப்பினால் வீட்டுக்கு 35,000 லாபம். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சபைக்குத் தெரிய வேண்டும்.

அது பதிவு செய்யாத சீட்டு. 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி அப்படி நடத்துவதே குற்றம். 33 வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த நான் அதை விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். அந்தத் தப்பு என்னுடையது.

நாங்கள் எடுத்தவுடன் போலீசுக்கு ஓடினோம் என்று வெளியே பேசுகிறார்கள். இல்லை. மத்தேயு 18-ஆம் அதிகாரத்தை ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணக் கொடுத்தவள் நான். "அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" என்று இருக்கிறது. நான் தனியாகத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். இரண்டாம் தடவை, வசனத்தில் உள்ளபடியே, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு சீட்டுக் கணக்கு நோட்டோடு போனேன். வாசலில் நிற்க வைத்துப் பேசினார். "சபைக்குத் தெரியப்படுத்து" என்பது மூன்றாவது. பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டு கமிட்டிக்குக் கடிதம் கொடுத்தோம். ஐந்து மாதம் காத்திருந்தோம். நீங்கள் எங்களைக் கூப்பிடவில்லை, அவரையும் கூப்பிடவில்லை, நோட்டைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் மனு.

விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குக்குப் போகலாமா என்று 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரத்தை எங்களுக்குக் காட்டினீர்கள். ஐயா, அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனம் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது? "உங்களுக்கு வெட்கமுண்டாக இதைச் சொல்லுகிறேன், சகோதரருக்குள்ள வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாகிலும் உங்களுக்குள் இல்லையா?" பவுல் வெட்கப்படச் சொல்வது வழக்கைத் தீர்த்து வைக்காத சபையை. ஐந்து மாதம் நாங்கள் தேடியது அந்த விவேகி ஒருவரைத்தான். ஏழாம் வசனத்தில் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார், உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எட்டாம் வசனத்தில் "நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்களே" என்றும் இருக்கிறது. ஏழை எங்களுக்கு வாசித்தீர்கள். எட்டை யாருக்கு வாசித்தீர்கள்?

அன்றைய பிரசங்கம், பதினாயிரம் தாலந்து என்கிற பெருங்கடனை ராஜா மன்னித்துவிட்ட ஊழியக்காரன் உவமை. அப்படி மன்னிக்கப்பட்ட பிறகும் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன் வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்தவன் நாங்கள் என்று சொல்லாமல் சொன்னீர்கள். அந்த உவமை எனக்கு ரொம்பப் பிடித்தது. படம் வரைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது எப்படித் தொடங்குகிறது? "தன் ஊழியக்காரரிடத்தில் கணக்குப்பார்க்கவேண்டுமென்றிருந்த ஒரு ராஜா" என்று. ராஜா முதலில் கணக்குப் பார்க்கிறார். கடன் இவ்வளவு என்று எல்லாருக்கும் தெரிகிறது. கடன்பட்டவன் காலில் விழுந்து, எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன், பொறுமையாயிரும் என்கிறான். ராஜா மன்னித்தது அதற்கப்புறம். அண்ணாச்சி இன்றைக்குவரை ஒரு தடவைகூட, "ஆமா, நான் தரணும்" என்று சொல்லவில்லை. "எல்லாருக்கும் நஷ்டம்தான்" என்கிறார். கடனே இல்லை என்கிறவருக்கு எந்தக் கடனை நான் மன்னிக்க? இன்னொன்று, ராஜா மன்னித்தது தனக்கு வர வேண்டிய பணத்தை. அடுத்தவன் பணத்தை அவர் தள்ளுபடி பண்ணவில்லை. பீடிக்காரத் தங்கச்சியின் 85,000-ஐ மன்னிக்க நீங்கள் யார் ஐயா? அவள் மன்னிக்கலாம். அதற்கு அவளுக்கு அதிகாரம் உண்டு. கமிட்டி தீர்மானம் போட்டு அவளுக்காக மன்னிக்க முடியாது.

நம் தாத்தா பாட்டி கையில் வைத்திருந்த பழைய ஜெபப்புத்தகம் என் பெட்டியில் இருக்கிறது. 1947-இல் தென்னிந்திய திருச்சபை உருவாவதற்கு முன்னால் நம் ஊர்ப் பக்கத்துக் கோவில்களில் ஆங்கிலிக்கன் முறைதானே. அந்த முறை 1662-இல் இங்கிலாந்தில் வந்த ஜெபப்புத்தகத்தின் முறை. அதில் திருவிருந்து ஆராதனைக்கு முன்னால் குருமாருக்கு ஒரு கட்டளை உண்டு. அயலானுக்கு அநியாயம் செய்து சபைக்கு இடறலாயிருக்கிறவனைக் குரு கூப்பிட்டு எச்சரிக்க வேண்டும். அவன் மனந்திரும்பினதை வெளிப்படையாகக் காட்டி, நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு செய்யும்வரை, குறைந்தது ஈடு செய்வேன் என்று உறுதி சொல்லும்வரை, ஆண்டவருடைய பந்திக்கு வரக் கூடாது. அதே ஆராதனையின் புத்திமதியில், பிறருக்குச் செய்த அநியாயத்துக்கு முழுத் திராணியோடு ஈடு செய்ய ஆயத்தமாயிருங்கள் என்றும், உங்களுக்குக் குற்றம் செய்தவர்களை மன்னிக்க ஆயத்தமாயிருங்கள் என்றும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறது. முதல் பாதி அண்ணாச்சிக்கு, இரண்டாம் பாதி எங்களுக்கு. நீங்கள் முதல் பாதியைக் கிழித்துவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் வாசிக்கிறீர்கள். பந்தியிலிருந்து நிறுத்தியதும் யாரை நிறுத்த வேண்டுமோ அவரை இல்லை.

மலைப்பிரசங்கமும் அப்படித்தான். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னது, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வருகிறவனுக்கு. குறை யார்பேரில் இருக்கிறதோ அவர் எழுந்து போக வேண்டும். நம் கோவிலில் அவர் காணிக்கைப் பையோடு நின்றார். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கினதை "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்", அதாவது நான்கு மடங்காக, என்று சொன்ன பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னார். எங்களுக்கு நாலத்தனையும் வேண்டாம், லேவியராகமம் சொல்கிற ஐந்தில் ஒரு பங்கு கூடுதலும் வேண்டாம். கொடுத்தது வந்தால் போதும்.

பிரசங்கத்தில், ஆஸ்திரேலிய மிஷனெரி கிரகாம் ஸ்டெய்ன்ஸின் மனைவி கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் அம்மாவை உதாரணம் காட்டினீர்கள். புருஷனையும் இரண்டு மகன்களையும் உயிரோடு கொளுத்தினவர்களையே அவர் மன்னித்தார், நீங்கள் காசை மன்னிக்க மாட்டீர்களா என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. பத்து வயதுப் பிலிப்பும் ஆறு வயதுத் திமோத்தேயுவும் ஒடிசாவின் மனோகர்பூரில் 1999 ஜனவரியில் அப்பாவோடு ஜீப்பிலேயே கருகிப்போன செய்தி வந்த நாட்களில் நான் வகுப்பில் அழுதிருக்கிறேன். அந்த அம்மாவுக்கு முன்னால் என் 85,000 தூசி. ஆனால் அவர் கதையையும் நீங்கள் பாதிதான் சொன்னீர்கள். அவர் மன்னித்தார், வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லவில்லை. மன்னிப்பு வேறு, குற்றத்துக்குச் சட்டம் தருகிற விளைவு வேறு, இரண்டையும் குழப்பக் கூடாது என்பதுதான் அவருடைய நிலை. சிபிஐ விசாரித்தது. 2003-இல் குர்தா நீதிமன்றம் அந்தக் கொலையின் முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு மரண தண்டனை கொடுத்தது. 2005-இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாக்கியது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இத்தனையும் அவர் மன்னித்த பிறகு நடந்தவை. மன்னித்த அந்தக் கையால் அவர் ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். யாரும் அவரிடம் போய், வழக்கு முடியும்வரை நீ பந்திக்கு வராதே என்று சொல்லவில்லை.

இனி என்னைப் பற்றி. இதை எழுதாமல் விட்டால் இந்த மடல் நேர்மையாக இருக்காது.

ஏழெட்டு மாதம் அண்ணாச்சியை நான் வெறுத்தேன். சாதாரணக் கோபம் இல்லை. அவர் நடந்து வருகிற சத்தம் கேட்டாலே வயிறு எரியும். கர்த்தருடைய ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற இடம் வரும்போது வாயை மூடிக்கொள்வேன். கடன், கடனாளி என்று அந்தச் சொற்களே எனக்காக எழுதினதுபோல் இருக்கும். ஒருநாள் கடைத்தெருவில் அவர் மகள் காது கேட்கவே, "நாங்க கட்டின காசுலதான் இதெல்லாம் காலேஜ் போகுது" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை என்னிடம் ஓய்வுநாள் பள்ளியில் படித்தவள். அவள் முகம் கறுத்துப்போனதைப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கமில்லை. மூன்றாம் நாள் அவளைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் அசைத்தாள்.

பிறகு மதினிக்கு, அண்ணாச்சியின் மனைவிக்கு, உடம்பு சுகமில்லாமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கஞ்சியும் துவையலும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் இறங்கிவிடலாமா என்று இருந்தது. வார்டுக்கு வெளியே அண்ணாச்சி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பணத்துக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து எழுந்துவிட்டார். தூக்குவாளியை நீட்டினேன். "எதுக்கு டீச்சர்" என்று மட்டும் கேட்டார், ஏறிட்டுப் பார்க்கவில்லை. மதினி சாப்பிடட்டும் என்றேன். நானும் வேறு எதுவும் பேசவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் அந்த ஜெபத்தை நிறுத்தாமல் முழுசாகச் சொன்னேன்.

அதற்கு ஒரு வாரம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நிலையத்துக்குப் போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். கஞ்சி கொண்டுபோனதும் நான்தான், வாக்குமூலம் கொடுத்ததும் நான்தான். இரண்டுக்கும் நடுவே எனக்குச் சண்டை தெரியவில்லை. கன்னத்தில் அறைந்தவனைப் பார்த்து ஆண்டவரே, "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். திருப்பி அடிக்கவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. சிலுவையில் அவர்களுக்காக ஜெபித்ததும் அவர்தான். "உன் சத்துரு பசியாயிருந்தால், அவனுக்குப் போஜனங்கொடு" என்று ரோமர் 12-இல் எழுதிய பவுல், அதற்கடுத்த அதிகாரத்திலேயே தீமை செய்கிறவனைத் தண்டிக்கிற அதிகாரத்தைப் பற்றி எழுதுகிறார். பழிவாங்குதல் எனக்குரியது என்று கர்த்தர் சொன்னதால் பழியை நான் விட்டுவிட்டேன். உண்மையை விடும்படி அவர் எங்கேயும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்திலும் தப்பு நடக்கிறது. அதையும் கமிட்டி பார்க்காமல் இருக்கிறது. வாலிபர் சிலர் அண்ணாச்சியின் மகளைப் பாடகர் குழுவில் சேர்க்கக் கூடாது என்று சொல்ல, அவள் ஐந்து வாரமாகப் பாடவில்லை, கோவிலுக்கே வரவில்லை. அவர்கள் வீட்டுக்குத் தெருவில் பால் ஊற்ற மறுத்தார்கள். ஐக்கிய சங்கத்தில் மதினியோடு யாரும் ஒரே பாயில் உட்கார்வதில்லை. 85,000 இழந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், இது அநியாயம். அந்தப் பிள்ளை சீட்டு நடத்தவில்லை. மதினிக்கு நோட்டுக் கணக்கே தெரியாது. அப்பாவின் கடனை மகள் தலையில் வைக்கிறவர்கள், கடனை இல்லையென்று சொல்கிறவர்களைவிட எந்த விதத்தில் மேல்?

வழக்கு நடந்தால் கிறிஸ்துவின் நாமம் தூஷிக்கப்படும் என்று கமிட்டிச் செயலாளர் என்னிடம் சொன்னார். ரோமர் 2-ஐ எடுத்துப் பாருங்கள். நாமம் தூஷிக்கப்படுவது "களவுசெய்யக்கூடாதென்று பிரசங்கிக்கிற நீ களவுசெய்யலாமா?" என்று கேட்கும்படி நடந்துகொள்கிறவர்களால். பக்கத்துத் தெருவில் எல்லாருக்கும் விஷயம் ஏற்கெனவே தெரியும். எனக்குப் பூ தருகிற ஆத்தா, "ஒங்க கோயில்ல கேக்க ஆளில்லையாம்மா?" என்று கேட்கிறார். பதில் சொல்ல முடியாமல் நிற்கிறேன்.

கமிட்டியிடம் நான் கேட்பது இவை. வாசித்த இடத்திலேயே, ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன்னால், அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். பத்துப் பெண்களுக்கும் அடுத்த திருவிருந்தில் இடம் கொடுங்கள். சேகரத்துக்கு வெளியிலிருந்து, சீட்டில் சம்பந்தமில்லாத, கணக்குத் தெரிந்த இரண்டு பேரை வரவழையுங்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். 24 பேரின் நோட்டையும் அண்ணாச்சியின் நோட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கட்டும். சீட்டு எடுத்த கமிட்டிக் குடும்பங்கள் நான்கும் தங்கள் 35,000-ஐ முதலில் கொண்டுவந்து வையுங்கள். மற்ற பத்துக் குடும்பமும் தானாக வரும். அண்ணாச்சி தன் பங்கு 3,60,000-ஐ எந்தத் தேதிகளில் எவ்வளவு தருவார் என்று எழுதிக் கையெழுத்திடட்டும். மாதம் பத்தாயிரம் என்றாலும் நான் காத்திருக்கத் தயார். அவருக்கு உண்மையிலேயே வழியில்லை என்று கணக்கில் தெரிந்தால் என் பங்கில் நான் விட்டுக்கொடுப்பேன். அதை நான் முடிவு செய்ய வேண்டும். மற்ற ஒன்பது பேரை அதற்காக யாரும் வீட்டுக்குப் போய் வற்புறுத்தக் கூடாது. கணக்குத் தீரும்வரை அவர் கமிட்டியிலிருந்தும் காணிக்கை எடுக்கும் பொறுப்பிலிருந்தும் விலகியிருக்கட்டும். மனுவைப் பற்றிக் காவல் நிலையத்தில் என்ன சொல்வது என்பதைப் பணம் வந்த பிறகு நாங்கள் பத்துப் பேரும் கூடிப் பேசிக்கொள்வோம்.

கடைசியாக ஒன்று, இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஐயரவர்களே, இந்த வாரமே அண்ணாச்சி வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணுங்கள். அந்தப் பிள்ளையைப் பாடகர் குழுவுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள். அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்றால் நான் உட்காருகிறேன்.

அசனப் பண்டிகைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் எந்த நாள் கூப்பிட்டாலும் நோட்டை எடுத்துக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
சபையின் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை